வீட்டு வேலை பார்த்த நிழல்

டைம் கீப்பரின் நிழல் ஒரு திங்கட்கிழமை காலை ஆறு பத்துக்கு எழுந்து போய் வாசலைப் பெருக்கியது. டைம் கீப்பர் அப்போது நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நேரத்தில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம்; அவரே கைக்கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் குறித்திருக்கிறார். 6.10 நிழல் எழுந்தது. 6.11 துடைப்பம் எடுத்தது. 6.23 வாசல் முடிந்தது, குப்பை கூடையில். குதிகாலோடு ஒட்டியிருந்த இடம் மட்டும் மெல்லிய நாடா மாதிரி நீண்டுகொண்டே போனதாகவும், வலி எதுவும் இல்லை, லேசாகக் கூச்சம் இருந்தது என்றும் அடிக்குறிப்பு வேறு போட்டிருக்கிறார். நிழல் துடைப்பத்தைத் தொடவில்லை. சுவரில் விழுந்திருந்த துடைப்பத்தின் நிழலைத்தான் பிடித்தது. துடைப்பம் வேறு வழியில்லாமல் கூடவே போனது.

டைம் கீப்பர் முப்பத்துநான்கு வருடம் பேருந்துப் பணிமனையில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை நிமிடம் தாமதம் என்று எழுதியவர். ஒரு நாளும் ஒரு வண்டியையும் ஓட்டியதில்லை. ஆனால் ஓட்டிய எல்லாரையும்விட அதிகமாகக் களைத்துப்போய் வீடு திரும்புவார். ஓய்வு பெற்ற அன்று சக ஊழியர்கள் அவருக்குக் கை வைத்த நாற்காலி ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். அதைக் கூடத்தில், வாசலும் சமையலறையும் ஒருசேரத் தெரிகிற இடமாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு, பதினொரு வருடமாக வீட்டைக் கண்காணித்து வந்தார். தேநீர் 6.30க்கு வர வேண்டியது, 6.37க்கு வந்தது. துணி உலர்த்தல் 9.00, கிளம்பியது 9.20. தாமதத்துக்குக் காரணம் எழுத ஒரு கட்டமும் போட்டிருந்தார். அதைப் பார்த்த அவர் மனைவி, "காரணம்னு போட்டிருக்கீங்கல்ல, அதுல எல்லா வரியிலயும் 'ஒரே ஆள்'னு எழுதிடுங்க" என்று சொன்னதாகத் தெருவில் ஒரு பேச்சு உண்டு. பேச்சு என்ன, நாங்கள் ஜன்னல் பக்கத்தில் நின்று கேட்டதுதான்.

இதைச் சொல்லிச் சிரிக்கிற யோக்கியதை எங்களுக்குக் கிடையாது. இந்தத் தெருவில் ஓய்வு பெற்ற ஆண்கள் பதினொரு பேர். பதினொரு வீட்டிலும் பதினொரு நாற்காலிகள். நில அளவைக்காரர் இருக்கிறார், தண்ணீர்ப் பம்ப் இயக்கியவர் இருக்கிறார், வங்கி வாசலில் துப்பாக்கியோடு நின்றவர் இருக்கிறார். நின்றே வேலை பார்த்த அவர்தான் இப்போது எங்கள் எல்லாரையும்விட அதிகமாக உட்கார்கிறார். காலையில் நடக்கப் போகிறோம் என்று கிளம்பி, தெருமுனைப் பெஞ்சு வரை போய், அங்கே உட்கார்ந்து உடல்நலம் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசிவிட்டுத் திரும்புகிற கூட்டம் நாங்கள். ஆகவே டைம் கீப்பரைப் பற்றி இங்கே எழுதுவதெல்லாம் எங்களைப் பற்றியும்தான்.

அவர் மனைவியைத் தெருவில் எல்லாரும் எக்ஸ்சேஞ்சம்மா என்பார்கள். தொலைபேசி நிலையத்தில் இருபத்தாறு வருடம் இணைப்புக் கொடுத்தவர். அந்த நிலையமே மூடப்பட்ட பிறகும் அவர் வேலையை நிறுத்தவில்லை. வாசலையொட்டிய ஜன்னலில் உட்கார்ந்தபடி, யார் வீட்டுக்கு யார் வந்தது, யாருக்கு உடம்பு சரியில்லை, யாரிடம் ஏணி இருக்கிறது என்பதை உரியவருக்கு உரிய நேரத்தில் சேர்த்துக்கொண்டிருந்தார். ஒரு புதன்கிழமை 7.05க்கு டைம் கீப்பர் குளித்துவிட்டு வெளியே வந்தார். 7.09க்கு எக்ஸ்சேஞ்சம்மா உள்ளே போய் வழுக்கி விழுந்தார். நோட்டில் இந்த இரண்டு வரிகளும் இருக்கின்றன. நடுவில் ஒரு வரி இருக்க வேண்டும், அது இல்லை. குளித்தபின் தரையைத் துடைத்துவிட்டு வர வேண்டும் என்பது அவர் கேள்விப்படாத விஷயமல்ல. முப்பது வருடமாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

இடுப்பெலும்பில் தகடு வைத்து, மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். குனியக் கூடாது, எடை தூக்கக் கூடாது, ஊன்றுகோல் இல்லாமல் நடக்கக் கூடாது. மகன் வேறு ஊரிலிருந்து வந்து கூடவே இருந்தான். நல்ல பிள்ளை, எதையும் பட்டியல் போட்டுத்தான் செய்வான், அப்பனுக்குப் பிறந்தவன். கிளம்புகிற வெள்ளிக்கிழமை அவன் பட்டியலில் கடைசி வரி, இரண்டு பேரையும் தன்னோடு கூட்டிக்கொண்டு போவது.

"நான் குறை சொல்லலப்பா. அம்மா மறுபடி விழுந்தா தூக்கிவிட வீட்ல ஒரு ஆள் வேணும்ல?"

"நான் இருக்கேனே."

"நீங்க இருக்கீங்கப்பா. உக்காந்திருக்கீங்க."

மகனுடைய வீடு நாலாவது மாடி. அங்கே அம்மாவுக்கென்று ஒதுக்கிய அறையின் ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டிடத்தின் சுவர். முன்பு பதினைந்து நாள் தங்கியபோது எக்ஸ்சேஞ்சம்மா அந்தச் சுவரிலிருந்த செங்கல்களை எண்ணி முடித்திருந்தார்: ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு. மறுபடி எண்ணினாலும் அதே தொகைதான் வருகிறது என்பதுதான் அந்த ஊரைப் பற்றி அவருக்கு இருந்த ஒரே புகார். மகனிடம் அவர் சண்டை போடவில்லை. "பன்னெண்டு வாரம் கொடுடா. அதுக்குள்ள இந்த வீடு தானா நடக்கலைன்னா நானே வந்துடறேன்" என்றார். உடற்பயிற்சி சொல்லித்தர வாரம் ஒருமுறை வரும் பிசியோதெரபிப் பெண்ணை நடுவராக வைத்தார்கள். அந்தப் பெண் நோயாளியை விட்டுவிட்டு நேராக டைம் கீப்பரிடம் வந்தாள். "சார், கையை நெஞ்சுல கட்டிக்கங்க. கை ஊனாம நாற்காலியை விட்டு அஞ்சு தடவை எழுந்திருங்க பார்ப்போம்." டைம் கீப்பர் ஒருமுறைகூட எழவில்லை. முன்னால் சாய்ந்தார், பின்னால் போனார், முகம் சிவந்தார், எழவில்லை. "பன்னெண்டாவது வாரம் ஞாயித்துக்கிழமை வந்து இதையேதான் கேட்பேன். இது முடியாதவரால இன்னொருத்தரைத் தாங்கிப் பிடிக்க முடியாது சார்" என்றாள். மகன் அதையும் பட்டியலில் எழுதிக்கொண்டு போனான்.

சனியும் ஞாயிறும் வீடு கிடந்த கிடப்பை விவரிக்க வேண்டாம். டைம் கீப்பர் சும்மா இருக்கவில்லை. எந்தப் பாத்திரம் எத்தனை மணி நேரமாகக் கழுவாமல் கிடக்கிறது என்று துல்லியமாகக் குறித்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை காலை அவருடைய நிழலுக்கே பொறுக்கவில்லை.

வாசலை முடித்துவிட்டு நிழல் உள்ளே வந்து பாத்திரங்களைக் கழுவியது. ஏழு மணி வெயில் சமையலறை ஜன்னல் வழியாக விழும்போது கழுவுதொட்டி வரைக்கும் அதற்குக் கை எட்டியது. கட்டிலில் படுத்திருந்த எக்ஸ்சேஞ்சம்மாவுக்குக் கதவிடுக்கில் சுவர் தெரிந்தது. சுவரில் முழங்கை ஆடுவது தெரிந்தது. "ஏங்க, நீங்களா பாத்திரம் தேய்க்கிறீங்க?" என்று கூப்பிட்டார். "ஒரு வகையில" என்று டைம் கீப்பர் கூடத்திலிருந்து பதில் சொன்னார். குரல் வந்த திசையையும் முழங்கை ஆடிய திசையையும் எக்ஸ்சேஞ்சம்மா கொஞ்ச நேரம் பொருத்திப் பார்த்தார். பிறகு, "யாரா இருந்தாலும் டம்ளரோட அடிப்பக்கத்தையும் தேய்க்கச் சொல்லுங்க" என்றார். நிழல் டம்ளர்களைக் கவிழ்த்து அடிப்பக்கத்தையும் தேய்த்தது.

பத்து மணிக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. இணைப்பு கொடுத்தவர் எக்ஸ்சேஞ்சம்மாதான், படுத்த படுக்கையாக. மறுநாள் காலை எங்கள் பதினொரு பேரில் மீதிப் பத்துப் பேரும் நாற்காலிகளைத் தூக்கி வெயிலில் போட்டுக்கொண்டு, நிழலுக்கு வசதியாகக் காலை நீட்டி உட்கார்ந்தோம். பக்கத்தில் துடைப்பத்தைச் சாத்திவைத்தோம். நில அளவைக்காரர் தன் நிழலின் நீளத்தை அளந்து, ஆறடி நான்கங்குலம், தாராளமாக ஒட்டடை அடிக்கலாம் என்று அறிவித்தார். மூன்று நாள் உட்கார்ந்தோம். கிடைத்தது வெயிலில் கறுத்த முழங்கால்கள்தான். எங்கள் நிழல்கள் எங்களைப் போலவே இருந்துவிட்டன. நாற்காலியைத் தூக்கி வெளியே போட்டதுதான் அந்த வருடம் நாங்கள் செய்த ஒரே உடற்பயிற்சி என்று பின்னால் பிசியோதெரபிப் பெண் சொன்னாள்.

டைம் கீப்பரின் நிழல் நாற்பத்தொரு நாள் வேலை பார்த்தது. காலையில் நீளமாக இருக்கும்போது பெருக்கல், துடைத்தல், ஒட்டடை. நடுப்பகலில் ஒரு சாண் அளவுக்குச் சுருங்கிவிடுவதால் காலடியிலேயே படுத்து ஓய்வு. மாலையில் கொடியிலிருந்து துணி எடுத்து மடித்தல், செடிக்குத் தண்ணீர். நடைபாதையில் காலில் தடுக்குகிற சாக்கு, வயர், செருப்பு எல்லாவற்றையும் ஓரம் கட்டியது. குளியலறையைத் துடைத்துக் காயவைத்தது. எக்ஸ்சேஞ்சம்மா கட்டிலிலிருந்து ஜன்னலுக்கு நடந்து வரும்போது சுவரோடு சுவராகக் கூடவே நடந்தது. அவருக்கு அதன்மேல் நாளுக்கு நாள் மதிப்புக் கூடியது. "உங்க நிழல் பரவாயில்லங்க. சொன்னா ஒரு தடவையில புரிஞ்சுக்குது. எதிர்த்துப் பேசறதில்ல" என்பார். மாலை வெயிலில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து அதனிடம் பழைய கதைகளைச் சொல்வார். நிழல் துணியை மடித்தபடியே தலையாட்டும். அதே கதைகளை நாற்பத்தைந்து வருடமாகக் கேட்காமல் விட்ட டைம் கீப்பர் அந்த நாட்களில் பேனாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார். பொறாமை என்று நோட்டில் எழுத முடியாது. "4.40 முதல் 5.15 வரை வீண் பேச்சு" என்று எழுதினார்.

இங்கேதான் அவர் ஒரு தப்பு செய்தார். முப்பத்துநான்கு வருடம் பிறர் ஓட்டிய வண்டிகளைத் தன் கையெழுத்தில் எழுதிப் பழகியவர் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. நிழல் பார்த்த வேலையையெல்லாம் தன் உடற்பயிற்சிக் கணக்கில் எழுதிக்கொண்டார். பெருக்கல் பன்னிரண்டு நிமிடம், குனிந்து நிமிர்தல் நாற்பது முறை, மாடிப்படி ஆறு ஏற்றம். நாளாக நாளாக அவரே அதை நம்பி, மாலையில் கைகால் வலிக்கிறது என்று தைலம் தேய்க்க ஆரம்பித்தார். ஐந்தாவது வாரம் பிசியோதெரபிப் பெண் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பிரமாதம் சார். எழுந்திருங்க பார்ப்போம்" என்றாள். அவர் முன்னால் சாய்ந்தார், பின்னால் போனார். அதே நேரம் சுவரில் நாற்காலியின் நிழலிலிருந்து அவருடைய நிழல் கையைக் கட்டிக்கொண்டு மளமளவென்று பத்து முறை எழுந்து உட்கார்ந்தது. அந்தப் பெண் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "நிழல் பாஸ். நீங்க இன்னும் இல்ல" என்று எழுதிவிட்டுப் போனாள். "அம்மாவைத் தாங்கிப் பிடிக்க வேண்டியது உங்க கைதான் சார். உங்க நிழல் அம்மாவோட நிழலைத்தான் பிடிக்கும்" என்று படி இறங்கும்போது சொன்னாள்.

டைம் கீப்பருக்கு ரோஷம் வந்தது. ஆனால் வந்த ரோஷத்தை எங்கே செலவழிப்பது என்பதில்தான் எங்களைப் போன்றவர்கள் தவறுவது. அவர் நிழலுக்கு ஒரு கால அட்டவணை போட்டார். மாலை 4.15 துணி, 4.35 செடி, 4.40க்கு மேல் பேச்சு கிடையாது. சனிக்கிழமை நிழல் மூன்று நிமிடம் தாமதமாக வந்தது. "தாமதம் 3, காரணம் கேட்கப்படும்" என்று சிவப்பு மையில் எழுதினார். ஞாயிற்றுக்கிழமை காலை வானம் மூடிக்கொண்டது. நிழல் வரவில்லை.

அந்த மழை நாற்பத்துமூன்று நாள் நீடித்தது. நடுவில் ஒரு நாள்கூட வெயில் இல்லை. மற்றவர்கள் அதைப் பருவக்கோளாறு என்றார்கள். டைம் கீப்பர் மட்டும் சிவப்பு மையால் வந்தது என்று கடைசி வரை நம்பினார். முதல் நாள் கூடத்தில் பெரிய பல்பாகப் பார்த்து மாட்டினார். பல்பு வெளிச்சத்தில் ஒரு நிழல் வந்தது உண்மை. ஆனால் அது வெளிறிப்போய், ஓரங்கள் கலைந்து, ஒப்பந்த வேலைக்கு வந்த ஆள் மாதிரி இருந்தது. மேஜையைப் பாதி துடைத்தது. பிறகு சுவரில் ஏறி, கூரை மூலையில் மடங்கிப் படுத்துக்கொண்டது. எக்ஸ்சேஞ்சம்மா நிமிர்ந்து பார்த்து, "இதுதாங்க அசல் நீங்க" என்றார்.

இரண்டாவது நாள் தொட்டியில் பாத்திரம் நிரம்பியது. மூன்றாவது நாள் ஈரச் செருப்பின் சேறு கூடம் வரை வந்தது. அன்று எக்ஸ்சேஞ்சம்மா ஊன்றுகோலோடு எழுந்து, சேற்றைத் தாண்டப் பார்த்து, தாண்ட முடியாது என்று தெரிந்து திரும்பிப் படுத்துக்கொண்டார். சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, உதட்டை மட்டும் அசைத்தார். எண்ணுகிறார் என்பது டைம் கீப்பருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. அந்தச் சுவரில் செங்கல் தெரியாது, சுண்ணாம்பு அடித்த சுவர். நாலாவது மாடிக்குப் பழகிக்கொள்கிறார்.

டைம் கீப்பர் இரண்டு கையையும் ஊன்றி எழுந்தார். வாளியில் தண்ணீர் பிடித்தார், துணியை நனைத்தார், வாசலில் ஆரம்பித்து உள்பக்கமாகத் துடைத்துக்கொண்டே போனார். வண்டியைப் பணிமனைக்குள் விடுவது மாதிரி. அடுப்படியின் கடைசி மூலைக்கு வந்து நிமிர்ந்தபோதுதான், முன்னால் வீடு முழுக்க ஈரமாக மினுங்குவதும், தான் நிற்க மட்டும் ஒன்றரை அடி இடம் மிச்சம் இருப்பதும் தெரிந்தது. காலை வைத்தால் வழுக்கும். மழைக்காற்றில் தரை காய நாற்பத்தெட்டு நிமிடம் ஆனது. பதினொரு வருடத்தில் அவர் தொடர்ந்து நின்ற மிக நீண்ட நேரம் அதுதான். நின்ற இடத்திலிருந்து கட்டில் தெரிந்தது.

"அன்னிக்கு நான் தொடைக்கல" என்றார் அவர், ஈரத்துக்கு அந்தப் பக்கம் பார்த்து.

"தெரியும். விழுந்தவ நான்தானே."

"நோட்டுல எழுதல."

"அதுவும் தெரியும்." எக்ஸ்சேஞ்சம்மா முகத்தைத் திருப்பினார். "தொடைக்கிறதுன்னா உள்ளேருந்து வெளிய வரணும், மனுஷா. வாசல்ல வந்து முடிக்கணும். யாராவது இப்படிப் போய் மூலையில மாட்டிக்குவாங்களா? துணியை இன்னும் நல்லா முறுக்கிப் பிழிங்க, தண்ணி சொட்டுது."

மறுநாளிலிருந்து ஏற்பாடு மாறியது. எக்ஸ்சேஞ்சம்மா கைவைத்த நாற்காலியில் உட்கார்ந்தார். மருத்துவர் சொன்ன உயரத்துக்குச் சரியாக இருந்தது. நோட்டும் சிவப்புப் பேனாவும் அவர் மடிக்குப் போயின. முதல் வேலையாகப் பழைய பக்கத்தைத் திருப்பி, 7.05க்கும் 7.09க்கும் நடுவில் ஒரு வரியை எழுதினார். புதுப் பக்கத்தில் எழுதியதெல்லாம் இப்படி: "தேநீர் 6.30, வந்தது 7.02. காரணம்: சர்க்கரை டப்பா தேடல். இருந்த இடம்: கண்முன்." "துணி மடிப்பு: துணி போலவே இல்லை." மழைநாளில் துணியைக் கூடத்துக் கொடியில் போட வேண்டியிருந்தது, அதற்கு ஸ்டூல் போட்டு ஏறப் போனவரை, "இன்னொரு இடுப்புக்கு இந்த வீட்ல இடமில்ல, இறங்குங்க" என்று அதட்டிக் கொடியைத் தாழ்வாகக் கட்டச் சொன்னார். கீழே விழுந்ததை எடுக்கும்போது முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கச் சொன்னார். பல் தேய்க்கும்போது ஒரு கையால் தொட்டியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னார். முதல் வாரம் நான்கு நொடி நின்றார். தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடிக்கச் சொன்னார். ஒவ்வொன்றையும் டைம் கீப்பர் நேரம் போட்டுச் செய்தார், வேறு மாதிரி செய்ய அவருக்குத் தெரியாது. பிழிந்து பிழிந்து விரல்கள் இறுகின. நாலாவது வாரம் பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டியிருந்தது. அதையும் உடற்பயிற்சியில் எழுதலாமா என்று கேட்டார், மறுக்கப்பட்டது. நாங்கள் பெஞ்சுக்குக் குடையோடு போகும் வழியில் அவர் குனிந்து படியைத் தேய்ப்பதைப் பார்ப்போம். "என்ன டைம் கீப்பர், நிழல் லீவா?" என்று கேட்போம். "ஆமா, உங்களோடது எப்ப வேலைக்கு சேருது?" என்பார். நாங்கள் வேகமாக நடந்துவிடுவோம். வேகமாக நடப்பது இதயத்துக்கு நல்லதாம்.

பன்னிரண்டாவது வாரத்து ஞாயிற்றுக்கிழமை காலை மகன் வந்தான். மடித்த அட்டைப்பெட்டிகள் ஆறும், ஒட்டும் நாடாவும் கொண்டு வந்தான். வீட்டைச் சுற்றிப் பார்த்தான்; அலமாரி மேல் விரலை வைத்துத் தேய்த்தான்; விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பத்து மணிக்குப் பிசியோதெரபிப் பெண் வந்தாள். எக்ஸ்சேஞ்சம்மா நாற்காலியைக் காலி செய்து ஸ்டூலுக்கு மாறினார். டைம் கீப்பர் ஐந்தரை வாரத்துக்குப் பிறகு முதல்முறையாகத் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். அது அவரை அடையாளம் கண்டுகொண்டு உள்ளே இழுத்தது போல இருந்தது என்று பின்னால் சொன்னார். கையை நெஞ்சில் கட்டினார். ஒன்று. ஜன்னலுக்கு வெளியே நாங்கள் பத்துப் பேரும் குடைக்குக் கீழே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். இரண்டு. மூன்று. நான்காவது முறை எழும்போது தொடை நடுங்கியது, ஆனாலும் எழுந்தார். ஐந்தாவது முறை பாதி எழுந்து, காற்றில் ஒரு கணம் நின்று, பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

நான்கும் ஐந்தும் ஒன்றல்ல என்பது அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். மகன் வருத்தத்தோடுதான் நாடாவின் முனையைத் தேடிப் பிரித்தான். அந்தக் கிழிகிற சத்தம் தெரு வரைக்கும் கேட்டது. "நாலு போதாதாடா? நாலாவது மாடி வீட்ல இருக்கறவனுக்கு நாலு போதாதா?" என்று சொல்லிக்கொண்டே எக்ஸ்சேஞ்சம்மா ஸ்டூலிலிருந்து எழுந்து மகனை நோக்கி ஓரடி வைத்தார். மகன் வந்ததும் மடக்கிச் சுவரோரம் சாத்தியிருந்த குடையிலிருந்து சொட்டிய தண்ணீர் அதற்குள் ஓடிவந்து தரையில் ஒரு சிறிய குளமாகத் தேங்கியிருந்தது. ஊன்றுகோலின் முனை சரியாக அதில் இறங்கியது.

மகன் கையில் நாடா. பிசியோதெரபிப் பெண்ணின் கையில் பேனா. எக்ஸ்சேஞ்சம்மா சாய்ந்தார், தரைக்குப் போகவில்லை. ஒரு கை அவர் முதுகுக்குப் பின்னாலும், இன்னொன்று முழங்கைக்குக் கீழேயும் இருந்தன. வாளி தூக்கி, துணி பிழிந்து காய்த்துப்போன கைகள். டைம் கீப்பர் முழங்காலை மடக்கி, முதுகை நிமிர்த்தி, சொல்லிக்கொடுத்தபடியே நின்றுகொண்டிருந்தார். நாற்காலியிலிருந்து அவர் எப்போது எழுந்தார் என்பதை எங்களில் ஒருவரும் பார்க்கவில்லை. நேரம் குறிக்கவும் ஆளில்லை. நோட்டு தரையில் கிடந்தது.

"அஞ்சு" என்றாள் பிசியோதெரபிப் பெண், எழுதிக்கொண்டே.

மனைவியைப் பத்திரமாக நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு டைம் கீப்பர் முதலில் செய்த காரியம், துணி எடுத்து வந்து அந்த ஈரத்தைத் துடைத்தது. உள்ளிருந்து ஆரம்பித்து வாசல் பக்கமாக வந்தார். "குடையை வெளிய மாட்டணும்டா, தெரியாதா?" என்றார். "தெரியும்பா" என்றான் மகன். "தெரிஞ்சா போதாதுடா. எனக்கும் முப்பது வருஷமா தெரியும்." மகன் குடையை வெளியே மாட்டிவிட்டு வந்து, பெட்டிகளைப் பிரிக்காமலே கட்டிவைத்தான். அவற்றில் ஒன்று இப்போது எக்ஸ்சேஞ்சம்மாவின் செடித் தொட்டிகளுக்கு அடியில் இருக்கிறது.

அன்று பதினொன்றே காலுக்கு வெயில் அடித்தது. நிழல் வாசல் வழியாக வந்தது. நாற்பத்துமூன்று நாளாக எங்கே இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. அது வீட்டைச் சுற்றிப் பார்த்தது. தரை துடைத்திருந்தது. பாத்திரங்கள் கழுவிக் கவிழ்த்திருந்தன, அடிப்பக்கம் உட்பட. துணி மடித்திருந்தது, ஓரளவுக்கு. துடைப்பத்தின் நிழல் பக்கம் ஓரடி வைத்தது. டைம் கீப்பர் துடைப்பத்தை எடுத்துக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டார். நிழல் கையைப் பிசைந்துகொண்டு கொஞ்ச நேரம் நின்றது. எக்ஸ்சேஞ்சம்மா இரக்கப்பட்டு நாற்காலியை விட்டு எழுந்து ஜன்னலுக்குப் போனார். நிழல் மெல்ல வந்து நாற்காலியில் உட்கார்ந்தது.

இது நடந்து நான்கு வருடமாகிறது. எக்ஸ்சேஞ்சம்மா ஊன்றுகோலை விட்டு இரண்டரை வருடம் ஆகிவிட்டது. கொடியைப் பழைய உயரத்துக்குக் கட்டவில்லை. டைம் கீப்பருக்கு வயது எழுபத்துமூன்று. ஒற்றைக்காலில் முப்பத்தொரு நொடி நிற்கிறார். மாலை 4.40க்குத் துணி மடித்துக்கொண்டே மனைவி சொல்லும் பழைய கதைகளைக் கேட்கிறார். முதல்முறை கேட்பதால் அவருக்கு எல்லாமே புதுசாக இருக்கிறது. நிழல் நாற்காலியில் இருக்கிறது. நோட்டின் நிழலை மடியில் வைத்துக்கொண்டு ஏதோ குறித்துக்கொண்டிருக்கும். என்ன எழுதுகிறது என்று தெரியாது, எல்லாம் கறுப்பாக இருக்கிறது. நடுப்பகலில் குறட்டை விடுவதாக எக்ஸ்சேஞ்சம்மா சொல்கிறார். பக்கவாட்டில் வெயில் விழும் நேரம் சுவரில் பார்த்தால் அதற்கு நன்றாகத் தொப்பை போட்டிருப்பது தெரியும். எங்களில் நான்கு பேர் வெட்கத்தில் பாத்திரம் கழுவ ஆரம்பித்திருக்கிறோம். மீதி ஆறு பேர் வெயில் அடிக்கும் நாட்களில் காலை நீட்டி உட்கார்ந்து இன்னும் நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

போன மாதம் தண்ணீர் மீட்டர் பார்க்கப் புதிதாக ஒருவர் வந்தார். எழுத வேண்டியதை எழுத, காலியாகக் கிடந்த கைவைத்த நாற்காலியில் உட்காரப் போனார்.

"அதுல வேணாங்க, ஆள் இருக்கு" என்றார் எக்ஸ்சேஞ்சம்மா.

"மன்னிச்சுக்குங்க, கவனிக்கல" என்று நாற்காலியைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.